தண்ணிக்கரை முழுகிய வாரம்

இசக்கிபாண்டிக்குக் கோபம் வந்தால் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத்தான் சண்டைக்குப் போவான். அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டையோடே வந்து நின்றான். அப்படியென்றால் இது கோபத்தையும் தாண்டியது.

"ஏலே விமலு, தண்ணிக்கரைய என்னலே செஞ்ச?"

தண்ணிக்கரை எந்த மாவட்டத்திலும் கிடையாது. உலகம் அழிந்தபின் மிஞ்சியவர்கள் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் ஒரு வீடியோ கேமில், எங்கள் ஹீரோ கட்டிய ஊர் அது. இருங்காட்டுக்கோட்டை அறையில் நாங்கள் மூன்று பேர்: இசக்கி, உத்திரமேரூர்ப் பக்கத்து விமல்ராஜ், மாரிராஜ் என்கிற நான். கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் ஒரே பிரஸ் மிஷினை ஆளுக்கொரு ஷிப்டாக ஓட்டுகிறோம். அறையில் ஒரு லேப்டாப்.

நல்ல கேம்தான். கண்ணுக்குத் தெரிகிற மலைக்கெல்லாம் நடந்தே போகலாம், எவனும் கேட் பாஸ் கேட்கமாட்டான். செய்த நல்லதை ஊர் மறக்காது. எட்டு மாதமாக இசக்கி கிணறு தோண்டி, வேலி போட்டு, முப்பது குடும்பத்தைக் குடியேற்றியிருந்தான். உள்ளே நுழைந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கம்பெனியில் ஐந்து வருடமாக அவன் பெயர் 'ஏய் கான்ட்ராக்ட்'. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் அந்தக் கேமைச் செய்தவன் மட்டும் கையில் கிடைக்கட்டும். உலகமே நாசமாய்ப் போன பிறகும் பையில் எடை கூடினால் ஓடவிடமாட்டான். அதையாவது மன்னிக்கலாம். நடந்ததெல்லாம் தானாகப் பதிவாகிவிடும், பழைய இடத்துக்குத் திரும்பவே முடியாது. மூன்று பேர் ஆடினாலும் ஒரே ஹீரோ, ஒரே கதை. என்ன அநியாயம் இது?

அதனால்தான் இசக்கி ஒரு நோட்டுப் போட்டான். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து போகிறவன் மிஷின் நிலவரத்தை ரெஜிஸ்டரில் எழுதுவான். அடுத்து வருகிறவர்கள் படித்துக் கையெழுத்துப் போடவேண்டும். கேமுக்கும் அதே முறை. நோட்டு கதவு ஆணியில் தொங்கியது.

"அணைய ஒடைச்சேன். ஊரு முழுகிப் பூடுச்சி," என்றான் விமல், சோற்றைப் பிசைந்துகொண்டே. "கொள்ளைக்காரன் வண்டி தரேன்னான்."

"எட்டு மாசம்லே! யாரைக் கேட்டு ஒடைச்ச?"

"உன்னத்தான் கேட்டேன். நோட்ட பாரு."

இசக்கி பிடுங்கிப் பார்த்தான். விமலின் கோழிக் கிறுக்கல்: 'சனிக்கிழமை அணையை உடைக்கப்போறேன். தண்ணிக்கரை முழுகும். வேணாம்னா எழுதுங்க.' புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் அதையே எழுதியிருந்தான். மூன்று நாளும் கீழே இசக்கியின் கையெழுத்து. பக்கத்தில் என்னுடையது. இரண்டு தடியன்களும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கம்பெனி லைனில் பழகிய பழக்கம், பேனாவைப் பிடித்தால் கை தானாகப் போட்டுவிடுகிறது.

இசக்கியின் கண் கலங்கிவிட்டது. விமல் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினான்.

"கம்பெனிலயும் இப்டித்தான் எழுதிகினு கீறேன். எவன் படிக்கிறான்?"

மறுநாள் மதியம் மிஷினை என்னிடம் ஒப்படைத்தபோது இசக்கி ரெஜிஸ்டரைத்தான் நீட்டினான், பேனாவைத் தரவில்லை.

"படிலே."

அதே கோழிக் கிறுக்கல்: 'கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துகிற சென்சார் வேலை செய்யவில்லை.' ஆறு நாளாக எழுதியிருந்தான். ஒவ்வொரு நாளும் கீழே இசக்கி, நான், சூப்பர்வைசர் கோபால், மூன்று கையெழுத்தும் அழகாக இருந்தன. அந்த ஆறு நாளும் என் வலது கை அந்த மிஷினுக்குள் போய் வந்திருக்கிறது.

"இன்னா, பேப்பரா படிக்கிறீங்க?" கோபால் கத்திக்கொண்டே வந்தார். "கையெழுத்த போட்டு லைன ஓட்டுங்கடா!"

நான் மிஷினை ஆன் செய்யவில்லை. பக்கத்தில் இசக்கி சட்டையைக் கழற்றி, நிதானமாக மடிக்க ஆரம்பித்தான்.