கரியில் ஓடிய லாரி

தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் இன்று காலை ஈரக்கரியைப் பற்றவைக்கப் போராடிக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும், யுத்த காலத்தில் ஆட்டையாம்பட்டியில் எங்களுக்கு நடந்த அநியாயம் நினைவுக்கு வந்து காபி கசந்துவிட்டது.

யாரோ கழித்துக்கட்டிய குட்டி லாரி ஒன்றை அப்பா வாங்கிவந்தார். காளைகளை வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டு, அப்பா அதைக் கொட்டகையில் நிறுத்தி, பனம்பலகையில் தளம் போட்டு, பெட்ரோல் கிடைக்காத காலமாதலால் கரிவாயுவில் ஓடுவதற்கு அடுப்புப் பீப்பாய் ஒன்றையும் பின்னால் மாட்டினார். கரியை ஊதிவிடும் விசிறியைச் சுற்றச் சுற்ற லாரி கரகரக்கும், புகையில் கொடித்துணியெல்லாம் கறுக்கும், அம்மா திட்டுவாள், மறுநாளும் இதேதான். சொந்த லாரியில் பருத்தியைச் சேலத்துக்கு ஏற்றிப்போக வேண்டும் என்பது அவர் ஆசை. கடைசியில் ஒருநாள் அது கிணற்றடிவரை ஓடியது.

அந்த வாரமே ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து, லாரி யுத்தத்துக்கு வேண்டும் என்றார்.

"சும்மா கெடந்தப்ப வேண்டாங்க, ஓடுனதும் வேணுமுங்களா?" என்றார் அப்பா.

"ஓடாத வண்டிய எடுக்க ரூல் இல்லீங்க."

பின்னாளில் அதே இலாகாவில் குப்பை கொட்டியவன் நான், அவர் சொன்ன விதி உண்மைதான். ஆனால் எடுத்துப்போக வந்த அன்று மழையில் கரி நனைந்து, லாரி அசையவில்லை. விதிப்படி அவர் வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டும். அவரோ எங்கள் காளைகளையே லாரிக்கு முன்னால் பூட்டச் சொன்னார்.

"ஓடற வண்டிய எதுக்குங்க மாடு இழுக்குது?" என்றாள் அம்மா.

"ரிப்போர்ட்டுல ஓடுதுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் அப்பாவைப் பார்த்து, மாட்டை ஓட்டச் சொன்னார்.