சலூன்காரர் வீட்டு வில்லோ

சலூன்காரருக்குக் கை சும்மா இருக்காது. கடையில் ஆள் இல்லையென்றால் ஜன்னல் திரையின் பிசிறு நூலையாவது வெட்டிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு, அவர் மனைவி ஆசை ஆசையாய் ஒரு வில்லோ மரக்கன்றை வாங்கி வந்தாள். நெஞ்சுயரத் தண்டு. அதன் உச்சியில் ஒட்டுக்கட்டிய கிளைகள் குடைபோல நாலாபக்கமும் வழிந்து தொங்கின.

குழி தோண்டியது அவர்தான். குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றியதும் அவர்தான். கிளைகள் நீண்டு தரையைத் தொட்டதும் ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், முன்னும் பின்னும் நின்று பார்த்து, காதோரம் ஒதுக்குவதுபோல ஒதுக்கி, சுற்றிலும் ஒரே மட்டமாக வெட்டிவிட்டார்.

மனைவி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என்னங்க இது?"

"கண்ணுல விழுந்துச்சு, அதான் லேசா..."

"மரத்துக்கு ஏதுங்க கண்ணு? இனிமே அதுமேல நீங்க கை வைக்கக் கூடாது."

மனிதர் ரோஷக்காரர். அதன்பிறகு தண்ணீர்கூட எட்ட நின்றுதான் ஊற்றினார். தண்டின் நடுவிலிருந்து புதுக் கிளைகள் கிளம்பி, தொங்காமல் விறைப்பாக மேலே போனபோதும், நமக்கெதுக்கு வம்பு என்று வாயைத் திறக்கவில்லை. மனைவியோ மரம் செழிக்கிறதென்று பூரித்துப்போனாள்.

கன்று விற்ற நர்சரிக்கார அம்மா ஒருநாள் அந்த வழியே போனவர், வேலியருகே நின்றுவிட்டார். "ஒட்டுக்குக் கீழ வர்றத உடனே வெட்டிடணும்மா. விட்டா சத்தெல்லாம் அதுவே இழுத்துக்கும், மேல தொங்குறது பட்டுப்போயிடும். வீட்டுல வெட்டத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

மனைவி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். சலூன்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, வாங்களேன்," என்றாள்.

ஒரு தரத்துக்கு ரெண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். வெட்டிய குச்சிகளை எறிய மனமில்லாமல் வாளித் தண்ணீரில் போட்டு வைத்தார். கொஞ்ச நாளில் அத்தனையும் வேர் விட்டுவிட்டன. அப்புறம் முடி வெட்ட வந்தவர்கள் ஆளுக்கொரு குச்சியோடுதான் வீடு திரும்ப முடிந்தது. வேண்டாம் என்றவர்களின் கழுத்தில் கத்தி இருந்தது.

தபால்காரர் வீட்டில் நட்டது மாடியைத் தாண்டி வளர்ந்துவிட்டதாம். சலூன்காரர் வீட்டு மரமோ வைத்த உயரத்திலேயே நின்றது. ஒரு சாயங்காலம் தபால்காரர் வீட்டுக்குப் போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் உட்கார்ந்தார்.

"எப்படி இருக்குதுங்க?" என்றாள் மனைவி.

"இருக்கு, நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் திமிரு ஜாஸ்தி."