கார்பன் ஃபோர்க்கில் எடுத்த கோட்டம்

திருவாரூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். மலைப்பாதைச் சைக்கிள் ஒன்றைச் சொந்தமாகக் கோத்துக்கொண்டிருந்த ஸ்டீபன் சார், முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க், விலை குறைந்த கார்பனில் செய்தது, இரண்டைக் கொண்டுவந்தார். "ஒண்ணத் திருப்பி அனுப்பணும். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

எடை குறைந்ததை எடுத்து மாட்டினேன். சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்தது. இரும்பு வளைந்து கொடுக்கும், கார்பன் வளையாமல் உள்ளே விரிந்துவிடும்; இருந்தும் இரும்பு ஃபோர்க்கில் செய்வதுபோல் குழாயைச் செருகி நெம்பிக் கோட்டம் எடுத்தேன். உள்ளே மளுக்கென்றது. வெளியே கீறல் இல்லை. சாரிடம் சொல்ல வாய் வரவில்லை; அப்படியே கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் ஃபோர்க் முறிந்தது. சாரின் முகம் மதகுக் கல்லில் மோதி முன்பற்கள் போயின.

அவர் தம்பி கடைக்குள் புகுந்து என்னைச் சுவரில் மோதினான். "மட்டமான சாமான மாட்டி எங்கண்ணனக் கொல்லப் பாத்தியாடா?" வாயிலேயே குத்தினான். பின்னாலேயே வந்த சார், முகமெல்லாம் தையலோடு, அவன் கையைப் பிடித்தார்.

"விடுடா. மலிவா வாங்குனது நானு. அவரு என்னடா பண்ணுவாரு?"

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நெம்புறப்பவே மளுக்குன்னுச்சு சார். தெரிஞ்சுதான் குடுத்தேன்" என்றேன்.

சார் என்னையே பார்த்தார். பிறகு தம்பியின் கையை விட்டுவிட்டார்.

விழுந்த அடிகளை நான் தடுக்கவில்லை. ஊரில் என்னைக் கூச்சக்காரன் என்பார்கள். ஃபோர்க் மளுக்கென்ற அன்று என் வாயை அடைத்தது கூச்சமில்லை.