அண்ணியின் ரயில் ஆபீஸ்

கட்டைப் பையில் டைல்ஸ் துண்டுகள் சலசலக்க, எங்கள் பழைய தங்கச்சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் அண்ணி ரயிலேறிய காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பொழுது சரியாக விடிந்திருக்கவில்லை. பெங்களூர் வேலைக்குப் போகிறவர்கள் பாதித் தூக்கத்தில் சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஜன்னலோரம் இருந்த ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து, மடியில் டைல்ஸைப் பரப்பிக்கொண்டு, "இன்னா முடிவுன்னு இப்பவே சொல்லிடுங்க. பங்காருபேட்டை வர்ற வரைக்கும் நான் எழுந்து போவ மாட்டேன்" என்றார். பிளாட்பாரத்தில் நின்ற நான் தலையில் அடித்துக்கொண்டேன். பெங்களூரில் பெரிய இன்டீரியர் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு வந்தவன் நான். வாடிக்கையாளரை இப்படியா பிடிப்பார்கள்!

அந்த ரயில்மேல் அண்ணிக்கு ஒரு கோபம் இருந்தது. என் அண்ணன் இருட்டில் அதில் ஏறிப் போய் இருட்டில் திரும்பியே காலத்தைக் கழித்தவர். மகளுக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மாரடைப்பில் அவர் போன பிறகு, சுரங்கக் காலத்து லைன் வீடுகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் தொழிலை அண்ணி ஆரம்பித்தார். கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். "நம்ம ஆளுங்க ஒருத்தரும் அந்த ட்ரெயின் ஏறக் கூடாது. சாயங்காலம் டீய அவங்கவங்க வூட்ல குடிக்கணும்" என்பார். கம்பெனி மூடினால் அத்தனை பேரும் மறுநாளே ஸ்டேஷனில் நிற்க வேண்டியதுதான். வேலையை விட்டுவிட்டு நான் உதவிக்கு வந்தபோது அது மூடுகிற நிலையில்தான் இருந்தது. கைநிறைய வேலை இருந்தும் லாபம் மட்டும் கண்ணில் படவே இல்லை.

காரணத்தைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. அண்ணிக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. வீட்டுக்காரர் தலையாட்டினால் போதும், அன்று மாலையே சுத்தியல் விழும். "உடைச்சிட்டா மனசு மாற மாட்டாங்க" என்பது அவர் கணக்கு. உடைத்த பிறகு எந்த டைல்ஸ், கதவு எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டிய ஆள் பெங்களூரில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை பிடிக்கலாமென்றால் சர்ச், பிறகு பிரியாணி, பிறகு தூக்கம். ஆட்கள் சும்மா நிற்கக் கூடாதென்று அண்ணி வேறொரு வீட்டை உடைப்பார். இதைவிடப் பெரிய ஓட்டை சுவரில் இருந்தது. லைன் வீடுகள் ஒட்டி ஒட்டிக் கட்டியவை, இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் காரை உதிரும். பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே கேஜ் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். பிறகு என்ன? அவர் வீட்டுச் சுவரையும் பூசி, கூடவே ஒரு ஷெல்ஃபும் ஸ்விட்ச் போர்டும் சும்மா வைத்துக் கொடுப்போம். லாபமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

நான் ஒரு சட்டம் போட்டேன். இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகுதான் சுத்தியல். ஒரு வீட்டை முடிக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது. பக்கத்து வீட்டு வேலையையும் சேர்த்தே விலை பேசினால் ஒரே சாரம், ஒரே லோடு மணல், அவர்களுக்கும் குறையும், நமக்கும் மிஞ்சும். அண்ணி கொதித்துவிட்டார். "உங்கப்பாகூட ஷிப்டு போனவங்க வூட்ல காசு கேக்கறதா?" என்றார். சில நாள் என்னோடு பேச்சே இல்லை, சொல்ல வேண்டியதையெல்லாம் கொத்தனார் மூலம் சொல்லியனுப்பினார். நானும் இறங்கி வரவில்லை. ஒருவழியாக ஒப்புக்கொண்டார். ஆனால் காத்திருப்பது அவரை வாட்டியது. வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். பார்க்கிற எனக்கே கால் வலித்தது.

சட்டம் போட்ட பிறகு வந்த முதல் வீடே சிக்கிக்கொண்டது. இடுப்பெலும்பு முறிந்த ஒரு டீச்சரம்மாவுக்கு வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கொழுந்தனார். பழைய மனஸ்தாபம். வாரமெல்லாம் பெங்களூர் வேலை, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொல்வார். வேலையில்லாமல் நின்ற எங்கள் ஆட்களில் இருவர் பெங்களூரில் இடம் கிடைக்குமா என்று என்னிடம் விசாரித்தார்கள். அது அண்ணியின் காதில் விழுந்தது. மறுநாள் காலைதான் அவர் டைல்ஸ் பையோடு ரயிலேறினார்.

திரும்பும் வண்டியில் வந்து இறங்கியபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஓட எடமில்ல, பாவம். அவரு அண்ணி டீச்சரம்மா எப்டி நடக்கறாங்கன்னு சொல்லிகினே இருந்தேன். கண்ணு கலங்கிட்டாரு. அவரு வூட்டு கிச்சனையும் சேத்து செய்யச் சொன்னாரு" என்றார். அதற்குப் பிறகு அதுவே எங்கள் முறையாகிவிட்டது. சுவருக்கு இரண்டு பக்கத்துக்காரர்களும் அதே வண்டியில்தான் போனார்கள். எதிரெதிரே உட்கார வைத்துப் பேசி, பங்காருபேட்டைக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவார். பெட்டியே கூடி டைல்ஸுக்குக் கலர் சொல்லும். ஒரு வீடு முடிந்துதான் அடுத்தது உடைந்தது. சம்பளம் தேதி தவறவில்லை. என் சட்டத்தால்தான் கம்பெனி பிழைத்ததென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். அண்ணி சிரிப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

இப்போது வீட்டுக்காரர்கள் போனிலேயே படம் பார்த்துச் சரி என்கிறார்கள். கம்பெனி தன்பாட்டில் ஓடுகிறது. எனக்குத்தான் ஆபீஸில் இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து எழுந்து வாசலுக்குப் போகிறேன். அண்ணிக்கு முட்டி தேய்ந்துவிட்டது. மகள் வந்து பெங்களூருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான்தான் கைபிடித்து ரயிலேற்றிவிட்டேன். எனக்கு அவர் இல்லாமல் ஊரே பிடிக்கவில்லை. சாயங்காலமானால் போன் வரும்.

"பக்கத்து வூட்ல யாருன்னே தெரியல தம்பி. சும்மா சுவத்த தட்டிப் பாத்தேன். செக்யூரிட்டி வந்து நிக்கறான்" என்றார் நேற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"நம்ம ஆளுங்க யாராச்சும் ட்ரெயின் ஏறிட்டாங்களா?"

"ஒருத்தரும் ஏறல அண்ணி. எல்லாரும் இங்கதான் இருக்காங்க."



"அப்போ நான் ஒருத்திதான் ஏறிட்டேனா?" என்றார்.