பெட்டியில் பத்து இருந்தது

அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் பத்மா, வயசு இருபத்திரண்டு, ஜுரம் நூற்றி நாலு. தலைமாட்டில் வேப்பிலைக் கொத்தோடு அவள் அம்மா. ஜன்னலோரம் அப்பா, கவர்மென்ட் ஆபீஸில் சூப்பிரண்டெண்ட். ஸ்டெதஸ்கோப்போடு டாக்டர். பெட்பேனோடு நான்.

எழுபதுகளின் கடைசி. அபிராமபுரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். நான் அங்கே ஆயா.

இப்போது ஏன் இந்தக் கதை? போன வாரம் மருந்துக்கடையில் ஒரு பெண் “டாம்பான் இருக்கா?” என்று நேராகக் கேட்டாள். கடைக்காரர் பெட்டியைப் பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, வெடிகுண்டு மாதிரி நீட்டினார். இன்னுமா சுற்றுகிறார்கள்?

பத்மாவுக்கு உடம்பெல்லாம் சிவப்பு. வெயிலில் வாட்டி எடுத்த மாதிரி. வாந்தி, பேதி. நிற்க வைத்தால் விழுந்தாள்.

“அம்மை போட்டிருக்கு டாக்டர். ஆத்துக்கே அழைச்சுண்டு போயிடறோம். ஊசி கீசி வேண்டாம்” என்றாள் அம்மா.

“அம்மைன்னா கொப்புளம் எங்கேம்மா?”

“உள்ளுக்குள்ளே போட்டிருக்கும்.”

டாக்டர் பிரஷர் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். அவர் இரண்டாம் தடவை பார்த்தால் நல்ல சேதி இல்லை. “இறங்கிட்டே போகுது. இப்படியே போனா சாயந்திரம் வரைக்கும் தாங்காது” என்றார் என்னிடம், மெதுவாக.

எல்லாம் கேட்டார். தண்ணீர் எங்கே குடிச்சே, ஓட்டல்ல என்ன சாப்பிட்டே, வெயில்ல அலைஞ்சியா... ஒன்றை மட்டும் கேட்கவில்லை. நல்ல மனுஷன். கூச்சம். அப்பா வேறு நிற்கிறார்.

எனக்கென்ன கூச்சம்? பெட்ஷீட் மாற்றுகிறவள் நான்தானே. துணி கட்டியிருந்தாள். வாடை சரியில்லை.

“பாப்பா, தூரமாகி எத்தினி நாளு?”

அறையே ஆடியது. அப்பா ஜன்னல் வழியாக எதையோ முக்கியமாகப் பார்த்தார். தெருவில் ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது.

“புருஷா இருக்கற எடத்துல என்ன பேச்சு இது!” என்றாள் அம்மா.

“இன்னா பேச்சுன்னு அப்பால சொல்றேன். நீ சொல்லு பாப்பா.”

பத்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். காதில் சொன்னாள். “அஞ்சு நாள்... அது இன்னும் உள்ளேயே இருக்கு.”

“எது?”

“அக்கா அனுப்பினது.”

சிகாகோவில் இருக்கிற அக்கா ஒரு பெட்டி டாம்பான் அனுப்பியிருந்தாள், தூரமான நாளில் உள்ளே வைத்துக்கொள்கிற பஞ்சுச் சுருள், மொத்தம் பத்து. பாங்க் பரீட்சை அன்றைக்கு உதவும், யாருக்கும் தெரியாது என்று ஒரு கடிதம். பத்மா ஒன்றை வைத்துக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதினாள். வந்து பின்கட்டில் ஒதுங்கி உட்கார்ந்தாள். எப்போது எடுக்க வேண்டும்? அக்கா எழுதவில்லை. பெட்டிக்குள் விளக்கக் காகிதம் இருந்தது. அதில் படம் இருந்தது. படத்தைப் பார்த்ததும் வெட்கப்பட்டு மடித்து வைத்துவிட்டாள்.

அவர்கள் வீட்டில் மூன்று நாள் விலகி இருப்பது, நாலாம் நாள் தலைக்குக் குளிப்பது. குளித்தால் எல்லாம் முடிந்தது. ஆகவே இதையும் நாலாம் நாள் எடுத்தால் போதும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். மேலே வழக்கமான துணி.

மூன்றாம் நாளே ஜுரம். சிவப்பு. அம்மை என்று அம்மா தீர்ப்பு. அம்மை போட்டால் தலைக்குத் தண்ணீர் விடலாமா? கூடாது. குளியல் தள்ளிப்போனது. அது உள்ளேயே இருந்தது. ஒரு சாஸ்திரம் கதவைச் சாத்தியது, இன்னொன்று பூட்டுப் போட்டது.

நான் டாக்டரிடம் போட்டு உடைத்தேன். அவர் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒளிக்காமல் சொன்னார். பத்மாவின் துணிப்பைக்கு அடியில் பெட்டி கிடைத்தது. டாக்டர் சலைன் குத்திக்கொண்டே அப்பாவைப் பார்த்துக் கத்தினார். “சார், அந்தக் காகிதத்தைப் படிங்க. சீக்கிரம்!”

அப்பா படித்தார். ஆபீஸ் ஆர்டர் வாசிக்கிற குரல். முதல் வரி கணீரென்று வந்தது. இரண்டாவதில் குரல் இறங்கியது. மூன்றாவதில் காது சிவந்தது. ஆனால் நிறுத்தவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

“நூல் ஒண்ணு தொங்குமாம்... மெதுவா இழுக்கணுமாம்... சில மணி நேரத்துக்கு ஒரு தரம் மாத்தணுமாம்...”

“மணியா!” என்றாள் அம்மா. வேப்பிலை கீழே விழுந்தது.

அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு நான்தான் இழுத்தேன். வர்ணிக்க மாட்டேன். உங்களில் பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டே படிப்பீர்கள்.

அப்புறம் பாட்டில் பாட்டிலாக சலைன். ஊசி மேல் ஊசி. அம்மா தடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் பிரஷர் ஏறியது. பத்மா காபி கேட்டாள். பத்து நாள் கழித்து உள்ளங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது.

ரொம்ப நாள் கழித்து டாக்டர் ஒரு பத்திரிகையைக் காட்டினார். அமெரிக்காவிலும் இதே ஜுரம், இதே சிவப்பு, இதே உரிகிற தோல். செத்தே போயிருக்கிறார்கள். உள்ளே தங்கின பஞ்சில் கிருமி பெருகி ரத்தத்தில் விஷம் ஏறுகிறதாம்; டாக்ஸிக் ஷாக் என்று பெயர் வைத்திருந்தார்கள். “நிறைய உறிஞ்சும்னு சொல்லி ஒரு தினுசு வித்திருக்கான் ஆயா. இப்ப கடையிலேர்ந்தே எடுத்துட்டானாம்.” இங்கிலீஷ் பேசுகிற ஊரிலேயே இந்தக் கதி!

அது பிறகு. டிஸ்சார்ஜ் அன்றைக்கு அம்மா என்னை வராந்தாவில் ஓரமாகக் கூப்பிட்டாள். முந்தானைக்குள் அந்தப் பெட்டி.

“தூக்கிப் போட்டுடுங்கோ. ஆத்துல இருக்கப்படாது.”

“சரிம்மா.”

அவள் நகரவில்லை. “ஏன் ஆயா... எத்தனை மணிக்கொரு தரம் எடுக்கணும்னார் டாக்டர்?”

“நாலு. மிஞ்சினா ஆறு. யாருக்கும்மா?”

“பத்மாவுக்கு இல்லே. அவ இனிமே தொடவே கூடாதுன்னுட்டாரே. சும்மா... தெரிஞ்சுக்கத்தான்.”

குப்பைத் தொட்டி பக்கத்தில் பெட்டியைத் திறந்தேன். சிகாகோவிலிருந்து வந்தது பத்து. நான் இழுத்தது ஒன்று. ஒன்பது இருக்க வேண்டும். எண்ணினேன்.

ஏழு.