வடக்கு இறவாரத்துத் தண்ணீர்

இங்கிலாந்தில் எங்கள் நார்ஃபோக் கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலுக்குக் கூரை நாணல், கோபுரம் வட்டம். மூலைக்குச் செதுக்கிய கல் வாங்க வக்கில்லாமல், கிடைத்த சக்கிமுக்கிக் கல்லை வைத்து வட்டமாகவே கட்டிவிட்டார்களாம். கஞ்சத்தனத்திலும் ஓர் அழகு வந்துவிட்டது.

அதைக் கூட்டிப் பெருக்கியவள் தெர்சா. அதிகம் பேசமாட்டாள். மழை வந்தால் மட்டும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வடக்குச் சுவரோரம் போய் நிற்பாள். காரணம் ஊருக்கே தெரியும். ஞானஸ்நானம் பெறாமல் செத்த அவள் குழந்தைக்கு அந்தக் காலத்துப் பாதிரியார் அடக்க ஜெபம் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். புருஷன்தான் பொழுது சாய வந்து அந்தச் சுவரோரம், கூரை விளிம்பான இறவாரத்தின் கீழே புதைத்தான். கோயில் கூரையில் பட்டு விழும் மழையே அங்கே இப்படிப் புதைத்த பிஞ்சுகளுக்கெல்லாம் ஞானஸ்நானம் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. அந்தப் பாதிரியாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

சுவரின் அடியில் ஈரம் ஏறிக் கல் உதிர ஆரம்பித்தது. கோயில் நிர்வாகி லார்ட்டர் வரைபடத்தோடு கூட்டத்துக்கு வந்தார். இறவாரம் நெடுக மழைத்தண்ணீரைப் பிடிக்கும் தகரப் பீலி கட்டி, தண்ணீரையெல்லாம் குழாய் வழியே ஓடையில் விடுவது என்று திட்டம்.

தெர்சா எழுந்தாள். "பீலி வேணாங்கய்யா."

"சுவரு விழுந்தா நீ முட்டுக் கொடுப்பியா?" என்றார் லார்ட்டர். சிலர் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை, குரல் தணிந்தது. "சரி தெர்சா, உன் இடத்துக்கு மேல மட்டும் ஒரு ஓட்டை விடச் சொல்றேன். மொத்தக் கூரைத் தண்ணியும் உன் பிள்ளைக்கே. போதுமா?"

"அது எப்படிங்க? என் பிள்ளைக்குக் குடம் குடமா ஊத்திட்டு, பக்கத்துல கிடக்கிறதுங்களைக் காயப் போடுறதா?"

பக்கத்தில் யார் யார் பிள்ளைகள் கிடக்கின்றன என்று எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

முன்வரிசையில் லார்ட்டரின் மனைவி ஹெப்சிபா எழுந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"என்னங்க, நம்ம பையன் மூணாவது ஜன்னலுக்குக் கீழே இருக்கான். மறந்துட்டீங்களா?"

லார்ட்டர் வரைபடத்தைச் சுருட்டினார். சுருட்டச் சுருட்ட அது விரிந்துகொண்டே இருந்தது.

வடக்கே இன்னும் பீலி கிடையாது. சுவர் உதிரும்போதெல்லாம் நாங்களே சுண்ணாம்பு குழைத்துப் பூசுகிறோம். மழை நாளில் தெர்சாவின் பக்கத்தில் ஹெப்சிபாவும் நிற்கிறாள். லார்ட்டர் குடை கொண்டுவருவார், ஆனால் விரிக்க மாட்டார்.