கிரேன் சத்தத்தைக் கழித்தவள்

துறைமுக வானொலி நிலையத்தில் என் நாத்தனாருக்கு மீட்டரம்மா என்று பெயர். இன்ஜினியராக அவள் அங்கே சேர்ந்த நாளிலிருந்து கையில் மீட்டர் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. படுக்கும்போது அதன் கம்பியைக் கூந்தலில் செருகிக்கொள்வாள் என்று நான் சொல்லிவைத்தேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் நேரிலேயே பார்த்ததாகச் சொன்னார்கள்.

கடலில் இருப்பவர்களோடு குடும்பத்தார் பேச, நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை உண்டு. ஒரு மேசை, முதுகு ஆடும் இரண்டு நாற்காலிகள், பொத்தான் வைத்த ரிசீவர், சுவரில் ஒலிபெருக்கி. பொத்தானை அழுத்திப் பேச வேண்டும். "ஓவர்" என்று சொல்லிவிட்டு விரலை எடுத்தால்தான் அந்தப் பக்கத்துக் குரல் வரும். என் மாமியார் அந்தச் சொல்லுக்குக் கடைசிவரை இணங்கவில்லை. "பெத்த பிள்ளைகிட்டப் பேச எனக்கு எதுக்குடி ஓவரு?"

வருகிற குரலும் குரலாக வராது. ஜன்னலுக்கு வெளியே சரக்கு இறக்கும் கிரேன்களின் மோட்டார் கரகரப்பு ஏரியலில் ஏறிக்கொள்ளும். கப்பலில் இருந்த என் வீட்டுக்காரர் மாவு மில்லுக்குள் மாட்டிக்கொண்டவர் போலக் கத்துவார். நானும் கத்துவேன். என் கத்தலில் பயந்துபோய் ஒரு கிரேன்காரர் சரக்கை வேறு கப்பலில் இறக்கிவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு. கிளப்பியது யார் என்று கேட்காதீர்கள்.

அந்த வருஷம் அவருடைய ஒப்பந்தம் முடிகிற நேரம். அடுத்த துறைமுகத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் சில வருஷம் கடல்தான். அதற்கு முன் பேசக் கிடைத்தது ஒரே ஓர் அழைப்பு. 'வந்துவிடுங்கள்' என்று சொல்ல மனசு துடித்தது. ஆனால் மாமியார் பக்கத்தில் நிற்க, காத்திருக்கும் குடும்பங்கள் கதவோரம் நிற்க, அதைத் தொண்டை கிழியக் கத்தியா சொல்வது?

"கவலைய விடுங்க அண்ணி. கரகரப்ப நான் கழிச்சுத் தர்றேன்" என்றாள் நாத்தனார்.

அவள் செய்துகொண்டிருந்தது தானே பழகிக்கொள்ளும் வடிகட்டிப் பெட்டி. ஓர் ஏரியலில் குரலும் இரைச்சலும் கலந்து வரும். இன்னொரு ஏரியல் இரைச்சலை மட்டும் பிடிக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு, குரலோடு இரைச்சல் எந்த அளவில் கலந்திருக்கிறது என்று பெட்டி கணித்துக் கழிக்கும். இரைச்சல் மாறினால் பெட்டியும் கணக்கை மாற்றிக்கொள்ளும், உப்பு ருசி பார்த்துப் பார்த்துக் கை அளவைத் திருத்துவது போல.

அழைப்பு நாளன்று காலையில் வேறொரு கப்பலை வைத்துச் சோதனை. பெட்டியைப் போட்டதும் கரகரப்பு மெல்ல அடங்கியது. கூடவே கப்பல்காரர் குரலும் தேய்ந்து தேய்ந்து காணாமல் போனது.

"இரைச்சலும் இல்ல, கப்பலும் இல்ல" என்றார் தலைமை அதிகாரி. "கடலையே கழிச்சிட்டீங்க மீட்டரம்மா. பெட்டியக் கழட்டுங்க, மத்தியானம் பழையபடியே பேசட்டும்."

நாத்தனார் முகம் சுண்டிப்போனது. மாடிக்கு ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். இரண்டு ஏரியலும் ஒரே உயரத்தில், ஜோடி போட்டு நின்றிருந்தன.

"அழகா இருக்கட்டும்னு பக்கத்துலயே நட்டுட்டேன் அண்ணி. ரெண்டாவது காதுல விழறதெல்லாம் குப்பைன்னு பெட்டிக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். அந்தக் காதுலயும் கப்பல் குரல் விழுந்திருக்கு. குப்பைன்னு கூட்டித் தள்ளிடுச்சு."

"அப்போ அந்தக் காத எங்க வைக்கணும்?"

"கிரேன் காலடியில. தகரக் கொட்டகைக்குப் பின்னால. அங்க கடல் எட்டாது, மோட்டார் மட்டும்தான்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே ஏரியலைப் பிடுங்கினாள். நான் கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன். அதன் எடையில் அன்று நான் ஒரு சாண் குள்ளமானேன். அப்புறம் வளரவேயில்லை.

"ஒரு நிமிஷம் குடுங்க சார். சரியா வரலேன்னா நானே கழட்டிடறேன்" என்று அதிகாரியிடம் கெஞ்சி நின்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மாமியார் அவரைப் பார்த்தார். அதிகாரி தலையாட்டினார்.

மத்தியானம் அழைப்பு வந்தது. முதலில் வழக்கமான மாவு மில். பிறகு இரைச்சல் படிப்படியாக இறங்கியது. அறை நடுவில் என் வீட்டுக்காரர் மூச்சு வாங்குவது கேட்டது. அவருக்கு லேசாகச் சளி பிடித்திருந்ததுகூடத் தெரிந்தது.

நான் ரிசீவரை வாயோடு ஒட்டிக்கொண்டேன்.

"கையெழுத்துப் போடாதீங்க. வந்துடுங்க. ஓவர்."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. நாத்தனார் பதறிப்போய்ப் பெட்டியைப் பார்த்தாள். குரலை மறுபடி தின்றுவிட்டதோ என்ற பயம்.

"சரி. வந்துடறேன். ஓவர்" என்றார் அவர்.

அவர் வந்து இறங்கிய அன்று, பயணப் பெட்டியைத் தூக்கும் முன்பே தங்கை வழிமறித்தாள். "அண்ணா, அன்னிக்கு எப்படி இருந்துச்சு? சுத்தமா கேட்டுச்சா?"

"எனக்கு என்னிக்குமே சுத்தமாத்தானே கேட்டுச்சு. கப்பல்ல ஏது கிரேன் மோட்டார்? நீங்கல்லாம் ஏன் அப்படிக் கத்தறீங்கன்னுதான் புரியல. சரி, கத்திப் பேசறதுதான் அங்க முறை போலன்னு நானும் கத்தினேன்."

நாத்தனார் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அந்த வருஷங்களில் எந்த அழைப்பிலும் நான் மெதுவாகவே சொல்லியிருக்கலாம்.